எட்டாததை அளக்கும் கல்வி: கல்லூரி முக்கோணவியல் வகுப்பிற்குச் செல்வோர்க்குச் சில சொற்கள்

(நோணாங்குப்பத்தில் நம் சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் வழிகாட்டு அரங்கில், இரவுப் பாடசாலை ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

எங்களுக்கு முன் பேசிய பெரியோர்கள் உரிமைகளைப் பற்றியும் வேலைவாய்ப்பைப் பற்றியும் விரிவாக உரைத்தார்கள். எங்களுக்குத் தரப்பட்ட பொருளோ மிகச் சிறியது. கல்லூரியில் முக்கோணவியல் வகுப்பிற்கு நேரில் சென்று அமரும் மாணவர் அங்கே எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதே அது. இத்தனை பெரிய விழாவில் ஒரேயொரு பாடத்தைப் பற்றியா பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால், கணிதம் எடுத்துப் படிக்கச் சென்ற நம் பிள்ளைகளில் பலர் பாடத்தை மாற்றிக்கொண்டதும், படிப்பையே நிறுத்திவிட்டு வேலைக்குப் போனதும் முதற்பருவத்தின் முதற்சில வாரங்களில்தான் என்பதை நாங்கள் கண்கூடாகக் கண்டிருக்கிறோம். அறிவுக் குறைவினால் அவ்வாறு நேரவில்லை. அங்கே என்ன வரப்போகிறது என்பதை முன்கூட்டியே எடுத்துச் சொல்ல வீட்டில் ஒருவரும் இல்லை என்பதே காரணம். நாங்களும் அவ்வாறு தடுமாறியவர்களே. எங்களுக்கு யாரும் சொல்லாததை உங்களுக்குச் சொல்லவே வந்திருக்கிறோம்.

நம் வீட்டு முற்றத்து முக்கோணம்

முதலில் ஓர் அச்சத்தை அகற்ற வேண்டும். முக்கோணவியல் என்பது நமக்கு அயலான கல்வி என்று எண்ணாதீர்கள். இங்கே அமர்ந்திருக்கும் கொத்தனார்களைக் கேட்டுப் பாருங்கள். மனைக்கு நூல் கட்டி மூலை பிடிக்கும்போது அவர்கள் செய்வதென்ன? ஒரு பக்கம் மூன்றடி, மறுபக்கம் நான்கடி அளந்து குறியிட்டு, இரு குறிகளுக்கும் இடையே குறுக்கே அளக்கிறார்கள். சரியாக ஐந்தடி வந்தால் மூலை மட்டமாக இருக்கிறது என்பது முடிவு. அந்த மூன்று, நான்கு, ஐந்துதான் செங்கோண முக்கோணம்.

அந்த ஐந்தடிக்குக் கர்ணம் என்று பெயர். ஐந்தில் மூன்று பங்கு என்பது ஒரு கோணத்தின் சைன். ஐந்தில் நான்கு பங்கு என்பது அதே கோணத்தின் கோசைன். இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்துங்கள். இருபத்தைந்தில் ஒன்பதும், இருபத்தைந்தில் பதினாறும் கிடைக்கும். கூட்டினால் இருபத்தைந்தில் இருபத்தைந்து, அதாவது ஒன்று. சைன் வர்க்கமும் கோசைன் வர்க்கமும் சேர்ந்தால் எக்கோணத்திற்கும் ஒன்றே ஆகும் என்பதுதான் இப்பாடத்தின் தலையாய முற்றொருமை. உங்கள் தந்தையார் நூலைப் பிடித்து நின்ற இடத்தில்தான் இப்பாடம் தொடங்குகிறது.

இனி, நம் ஊரை ஒட்டி ஓடும் சுண்ணாம்பாற்றை எடுத்துக்கொள்வோம். எதிர்க்கரையில் ஒரு தென்னை நிற்கிறது. ஆற்றில் இறங்காமல் அதன் அகலத்தைச் சொல்ல முடியுமா? தென்னைக்கு நேரெதிரே இக்கரையில் ஒரு குச்சியை நடுங்கள். ஆற்றின் குறுக்குக் கோட்டிற்குச் செங்கோணமாகக் கரையோரம் 50 மீட்டர் நடங்கள். அங்கிருந்து தென்னையைப் பார்க்கும்போது, நடந்து வந்த கோட்டிற்கும் பார்வைக் கோட்டிற்கும் இடைப்பட்ட கோணம் 60 பாகை என்று வைத்துக்கொள்வோம். 60 பாகையின் டேன்ஜென்ட் 1.732. அதை 50 ஆல் பெருக்கினால் அகலம் 86.6 மீட்டர் என்று கிடைக்கும். கோணத்தை அளப்பதில் ஒரே ஒரு பாகை பிசகி 61 என்று எழுதிவிட்டால் விடை 90.2 மீட்டராகிவிடும். ஒரு பாகைப் பிழைக்கு மூன்றரை மீட்டருக்கு மேல் வேறுபாடு! எட்டாததை அளக்கலாம், ஆனால் கவனமாக அளக்க வேண்டும் என்னும் இரண்டையும் முக்கோணவியல் சேர்த்தே கற்பிக்கிறது.

சுமந்தவரும் பார்த்தவரும்

இக்கல்வி நம் மண்ணில் நெடுங்காலமாக இருந்து வருவதுதான். 499 ஆம் ஆண்டில் ஆரியபட்டர் தம் நூலில் சைன் அட்டவணையைச் சுருக்கிக் கொடுத்தார். புதுச்சேரியிலேயே ஒரு சான்று உண்டு. வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் காண வந்த லெ ழாந்தீ என்னும் பிரெஞ்சு வானியலர், 1769 ஜூன் மாதத்தில் புதுவையில் காத்திருந்தார். அன்று மேகம் மூடியதால் அதைக் காண இயலாமற் போனார். ஆனால் அவர் இங்கே வேறொன்றைக் கண்டார். 1765 ஆகஸ்ட் 30 ஆம் நாள் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை, தமிழர் ஒருவர் தம் மரபு முறைப்படி கணக்கிட்டுக் காட்டினார். அக்கணக்கு உண்மையினின்று 41 விநாடிகளே குறைந்தது. அக்காலத்து ஐரோப்பிய அட்டவணையோ 68 விநாடிகள் மிகுந்தது. இத்தகைய கல்வி நம் நகரத்தில் இருந்தது. ஆனால் சில வீட்டுத் திண்ணைகளை விட்டு அது கீழே இறங்கவில்லை. நம் தெருவுக்கு அது வரவேயில்லை.

பின்னர் 1802 ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து, நாட்டையே முக்கோணங்களாகப் பிரித்து அளக்கும் பெரும்பணியைத் தொடங்கினார். கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட்டுக் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. 1808 இல் தஞ்சைப் பெரிய கோயிலின் கோபுரத்தின் மேல் அதை ஏற்றும்போது மோதிப் பழுதாகி, வாரக்கணக்கில் உழைத்து அவர் அதைச் சீர்செய்தார். அந்த எடையைக் காட்டிலும் மேட்டிலும் சுமந்தவர்கள் யார்? சங்கிலி பிடித்தவர்கள் யார்? கொடி ஏந்தி வெயிலில் நின்றவர்கள் யார்? கண்ணாடி வழியே பார்த்தவர் பெயரை வரலாறு பாதுகாக்கிறது. சுமந்த தோள்களின் பெயரை அது எழுதி வைக்கவில்லை. தம்பியரே, தங்கையரே, நீங்கள் இவ்வகுப்பில் போய் அமர்வது ஒரு மதிப்பெண்ணுக்காக மட்டுமன்று. கருவியைச் சுமந்த கூட்டத்தின் பிள்ளைகள் கருவியின் வழியே பார்க்க வேண்டும். விடையைத் தம் கையால் எழுத வேண்டும்.

பள்ளியினின்று கல்லூரிக்கு

இனி வகுப்பறைக்கு வருவோம். நம் ஊர்ப் பிள்ளைகள் பேருந்தில் அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம், முதலியார்பேட்டை தாண்டி நகரத்திற்குப் போய், அங்கிருந்து வேறு வண்டி பிடித்து இலாசுப்பேட்டைக்குச் செல்கிறார்கள். 1961 இல் தாகூர் கலைக் கல்லூரியும், 1968 இல் பெண்களுக்கான பாரதிதாசன் கல்லூரியும் தோன்றியிராவிட்டால் நம்மில் பலர் பட்டம் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டோம். இக்கல்லூரிகள் 1985 இல் நிறுவப்பெற்ற புதுவைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. முக்கோணவியல் சில இடங்களில் தனித்தாளாக இருக்கும். சில இடங்களில் இயற்கணிதத்தோடும் நுண்கணிதத்தோடும் சேர்ந்து வரும். பெயர் எதுவாயினும் அங்கே எதிர்கொள்ள வேண்டியவை நான்கு.

முதலாவது, மொழி. தமிழில் படித்துவிட்டுப் போகும் மாணவர்க்கு முதல்நாள் காது அடைத்தது போலிருக்கும். எங்கள் அனுபவத்தில் கலைச்சொற்கள் அவ்வளவு துன்பம் தரவில்லை. முற்றொருமையை ‘ஐடென்டிட்டி’ என்றும் ஏற்றக்கோணத்தை ‘ஆங்கிள் ஆஃப் எலிவேஷன்’ என்றும் இரண்டு நாளில் பழகிவிடலாம். எங்களைத் தடுக்கியவை ‘லெட்’, ‘சப்போஸ்’, ‘ஹென்ஸ்’, ‘சச் தட்’ போன்ற சிறுசொற்களே. கருதுக, ஆகவே, அவ்வாறு அமையும்படி என்று அவற்றின் பொருள் தெரிந்த அன்றே பேராசிரியர் பேசுவதில் பாதி விளங்கிவிட்டது. ஆகையால் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். கேட்ட சொல்லை ஒரு பக்கமும் தமிழ்ப் பொருளை மறுபக்கமும் எழுதுங்கள். ‘சைன்’ என்ற சொல்லைக் கண்டே அஞ்ச வேண்டியதில்லை. வடமொழியில் வில்லின் நாணைக் குறிக்கும் ‘ஜ்யா’ என்ற சொல் அரபு மொழிக்குப் போய், அங்கே மடிப்பு என்று பொருள்படும் வேறொரு சொல்லாகப் படிக்கப்பட்டு, இலத்தீனில் அப்பொருளிலேயே ‘சைனஸ்’ என்று பெயர்க்கப்பட்டது. பெரும் புலவர்களும் தவறாகப் படித்த சொல் அது. நாம் ஒருமுறை தவறாகச் சொல்லிவிட்டால் என்ன குடிமுழுகிவிடும்?

இரண்டாவது, விரைவு. பள்ளியில் ஒரு மாதம் நடத்தியதைக் கல்லூரியில் ஒரு வாரத்தில் நினைவூட்டிவிட்டு மேலே செல்வார்கள். கூட்டுக்கோண வாய்பாடுகளும் 30, 45, 60 பாகைகளின் மதிப்புகளும் கைவிரல் நுனியில் இருக்கின்றன என்று எண்ணித்தான் பேராசிரியர் பாடத்தைத் தொடங்குவார். ஆகவே கல்லூரி திறக்கும் முன்னுள்ள விடுமுறையில் பதினொன்றாம் வகுப்பு நூலின் முக்கோணவியல் இயலை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கையால் எழுதிச் செய்து முடித்துவிடுங்கள். இதைச் செய்தவர்க்கும் செய்யாதவர்க்கும் உள்ள வேறுபாட்டை முதல் வாரத்திலேயே காணலாம்.

மூன்றாவது, பாகை போய் ரேடியன் வரும். 180 பாகைக்கு பை ரேடியன். ஒரு ரேடியன் என்பது 57 பாகைக்குச் சற்று மிகுதி. இதை மனத்தில் வாங்கிக்கொள்ளாததால் எங்களில் ஒருவர் பட்ட பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. பாலிடெக்னிக் ஒன்றில் படிக்கும்போது கணிப்பானில் சைன் 30 என்று அழுத்தினார். அரை என்று வரவேண்டிய இடத்தில் கழித்தல் 0.988 என்று வந்தது. கருவி பழுது என்று எண்ணி நண்பரின் கருவியை வாங்கி அழுத்தினார், அதிலும் அதுவே. ஒரு தேர்வு முழுவதும் அவ்வாறே எழுதி வெளியே வந்தார். கருவி ரேடியனில் வைக்கப்பட்டிருந்தது, அவ்வளவே. அருகிலிருந்தவரைக் கேட்டிருந்தால் ஒரு நொடியில் தீர்ந்திருக்கும். கேட்கக் கூச்சம்.

நான்காவது, நிறுவுதல். பள்ளியில் விடை வந்தால் மதிப்பெண். கல்லூரியில் விடை பெரும்பாலும் வினாவிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். அது ஏன் உண்மை என்று படிப்படியாகக் காட்டுவதே வேலை. டி மாய்வர் தேற்றம், சைன் மூன்று தீட்டா போன்றவற்றின் விரிவுகள், அதிபரவளையச் சார்புகள், கலப்பெண்களின் மடக்கை, தொடர்களின் கூடுதல் என்று பாடம் செல்லும். கிரிகோரியின் தொடர் என்று ஒன்று வரும். ஒன்றிலிருந்து மூன்றில் ஒன்றைக் கழித்து, ஐந்தில் ஒன்றைக் கூட்டி, ஏழில் ஒன்றைக் கழித்து என்று முடிவின்றிச் சென்றால் பையில் கால்பங்கு கிடைக்கும் என்பது அதிலிருந்து பெறப்படும் முடிவு. 1671 இல் கிரிகோரி கண்ட அத்தொடரை அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்பே கேரளத்துச் சங்கமகிராம மாதவர் மரபினர் அறிந்திருந்தனர். இவற்றை உருப்போட்டு எழுதலாம் என்று முயன்றவர்கள் நாங்கள். பாதி வழியில் ஒரு வரி மறந்தால் முழுவதும் சரிந்துவிடும். ஒவ்வொரு வரிக்கும் ‘ஏன்?’ என்று கேட்டுப் படித்தவர்க்கு மறந்த வரி தானே திரும்பி வரும்.

கரும்பலகைக்குச் செல்லும் வழி

இதுவரை கூறியவை பாடத்தைப் பற்றியவை. இனிச் சொல்லப்போவது இடத்தைப் பற்றியது.

பாபாசாகேப் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது, ஒரு நாள் ஆசிரியர் அவரைக் கரும்பலகையில் கணக்குச் செய்து காட்ட அழைத்தார். உடனே வகுப்பில் பெருங்கூச்சல் எழுந்தது. பலகைக்குப் பின்னால் தங்கள் உணவுப் பாத்திரங்களை வைத்திருந்த சாதி இந்து மாணவர்கள், அவை தீட்டாகிவிடும் என்று ஓடிச்சென்று எடுத்து அப்புறப்படுத்தினார்கள். அதன் பின்னரே அவர் பலகையை அணுக முடிந்தது. அவர் திரும்பி வந்து தம் இடத்தில் அமர்ந்துவிடவில்லை. பலகைக்குச் சென்று கணக்கைச் செய்தார்.

இன்று பாத்திரங்களை எடுக்க எவரும் ஓடுவதில்லை. ஆனால் கடைசி இருக்கை இன்னும் இருக்கிறது. ஒரு கல்லூரியில் எங்களில் நால்வர் முதலாண்டு முழுவதும் கடைசி இருக்கையிலேயே அமர்ந்திருந்தோம். எவரும் எங்களை அங்கே போகச் சொல்லவில்லை. நாங்களே போய் அமர்ந்தோம். உதவித்தொகை பெறுவோர் எழுந்து நிற்கலாம் என்று அலுவலகத்து ஆள் வகுப்பில் வந்து படித்த அன்று, எழுந்து நின்ற எங்களைத் திரும்பிப் பார்த்த பார்வைகள் எங்களை அங்கேயே அறைந்து வைத்தன. பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதினோமேயன்றி ஒரு வினாவும் கேட்கவில்லை. முதல் உள்தேர்வில் நால்வரும் தோற்றோம். எங்களுக்கு மூளை இல்லை என்று நாங்களே நம்பிவிட்டோம். இரண்டாம் பருவத்தில் ஒருவர் மட்டும் துணிந்து முன்னே போய் அமர்ந்தார். ‘ஐயா, மூன்றாவது வரி எப்படி வந்தது?’ என்று கேட்டார். பேராசிரியர் மகிழ்ந்து மறுபடியும் விளக்கினார். விளங்கவில்லை என்று தலையசைத்தவர்கள் எங்கள் தெருக்காரர்கள் மட்டுமல்லர், வகுப்பில் பாதிப்பேர் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது!

ஆகவே சொல்கிறோம்: முதல்நாளே முன்னிருக்கையில் அமருங்கள். முதல் வாரத்திற்குள் ஒரு வினாவாவது கேளுங்கள். பலகைக்கு அழைத்தால் தவறாக வந்தாலும் செல்லுங்கள். உதவித்தொகை பெறுவதற்கு நாணாதீர்கள். 1944 ஆம் ஆண்டு முதல் நம் மக்களின் மேற்படிப்பிற்காக நடைமுறையிலுள்ள அந்த உதவித்தொகை பிச்சையன்று. போராடிப் பெற்ற உரிமை. அது தாமதமாக வருமானால் சங்கத்திடம் வந்து சொல்லுங்கள். வகுப்பை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கைப்பேசியில் எல்லாப் பாடமும் கிடைக்கிறதே, வகுப்பிற்கு ஏன் நாள்தோறும் போக வேண்டும் என்று இளைஞர்கள் எங்களைக் கேட்கிறார்கள். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் கொரோனாவினால் கல்லூரிகள் மூடிக் கிடந்தபோது, ஒரு கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுக்கொண்ட வீடுகள் நம் தெருவில் இருந்தன. கைப்பேசிப் பாடம் நன்றே. மறந்ததை நினைவுபடுத்த அது உதவும். ஆனால் உங்கள் ஏட்டில் மூன்றாம் வரியில் கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறி போட்டிருக்கிறீர்கள் என்பதை அது காணாது. வகுப்பில் இருப்பவர் காண்பார். பக்கத்து மாணவர் காண்பார். முக்கோணவியலில் பிழை பெரும்பாலும் அந்த ஒரு குறியில்தான் இருக்கும். அன்றியும், நாளை நேர்முகத் தேர்விலும் அலுவலகத்திலும் நாம் எழுந்து நின்று பேச வேண்டும். அந்தப் பயிற்சிக்கு வகுப்பறையை விடச் சிறந்த இடம் இல்லை.

தோல்வியும் நூலும்

தோற்பவர்கள் இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். டி மாய்வர் பிரான்சு நாட்டினர். சமயக் கொடுமையால் நாட்டை விட்டு இலண்டனுக்குப் போனவர். பல்கலைக்கழகத்தில் அவருக்கு இறுதிவரை பதவி கிடைக்கவில்லை. வீடு வீடாகச் சென்று பாடம் சொல்லிப் பிழைத்தார். நியூட்டனின் பெருநூலைத் தாள் தாளாகக் கிழித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு வீட்டிலிருந்து மறுவீட்டிற்குச் செல்லும் இடைவேளையில் படித்தார் என்பார்கள். இலாசுப்பேட்டைப் பேருந்தில் நின்றுகொண்டு செல்லும் நம் பிள்ளைகளும் ஒரு தாளைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

மற்றவர் கும்பகோணத்து இராமானுசன். லோனி எழுதிய முக்கோணவியல் நூலை இளம் வயதிலேயே கரைத்துக் குடித்தவர். அவரும் கல்லூரித் தேர்வில் மற்றப் பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அவர் வீட்டில் கல்லூரி மாணவர்கள் தங்கியிருந்தார்கள். இளமையிலேயே கல்லூரிக் கணிதம் அவர் வீட்டு வாயிலுக்கு வந்தது. நம் வீடுகளில் யார் வந்து தங்குவார்கள்? எந்த நூல் நம் கூரைக்குள் தானாக வரும்? ஆகவேதான் இச்சங்கத்தின் அலமாரி நமக்குத் தேவைப்படுகிறது. படித்து முடித்தவர்கள் தங்கள் பாடநூலைப் பழைய புத்தகக் கடையில் எடைக்குப் போடாமல் இங்கே கொண்டுவந்து வைக்குமாறு வேண்டுகிறோம். ஓரத்தில் நீங்கள் எழுதிய குறிப்பு அடுத்த பிள்ளைக்கு ஆசிரியராக நிற்கும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதல் தேர்வில் மதிப்பெண் குறைந்தால் ‘உனக்கு இது வராது’ என்று சொல்லாதீர்கள். பெண் பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று ஒருபோதும் கேட்காதீர்கள். நடவு நாளானாலும் கட்டட வேலை நாளானாலும் வகுப்பு நாளில் பிள்ளையை நிறுத்தாதீர்கள். வருகை குறைந்தால் தேர்வு எழுதும் வாய்ப்பே போய்விடும். மாலையில் இரவுப் பாடசாலையில் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கல்லூரியில் விளங்காத வரியை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்களுக்குத் தெரிந்தால் சொல்வோம். தெரியாவிட்டால் உங்களோடு அமர்ந்து படிப்போம்.

கால் நூற்றாண்டுக்கு முன் இச்சங்கத்தைத் தொடங்கிய பெரியோர்களில் சிலர் கையெழுத்திடக் கற்றதே இரவுப் பாடசாலையில்தான். அவர்கள் நட்ட குச்சி இக்கரையில் நிற்கிறது. அங்கிருந்து நடந்து, கோணத்தைப் பிழையின்றி அளந்து, எதிர்க்கரை எவ்வளவு தொலைவு என்று சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். வகுப்பிற்குச் செல்லுங்கள், முன்னிருக்கையில் அமருங்கள், மூன்றாவது வரி எப்படி வந்தது என்று கேளுங்கள்.